சிக்னல் தெரியுது... எழுத்து மட்டும் வரல!



செமஸ்டர், அரியர், லவ்வு என்று வழக்கமாக வரும் மெயில்களுக்கு நடுவில், இந்த வாரம் ஒரு வித்தியாசமான மெயில். தலைப்பே 'ஹெல்ப் அண்ணா, வெள்ளிக்கிழமை ரிவ்யூ!' அனுப்பியவர் ஃபைனல் இயர் ஈ.சி.ஈ. படிப்பது சென்னையில், ஹாஸ்டல் வாசம். சொந்த ஊர் விழுப்புரம் மாவட்டம், வானூர் பக்கம் ஒரு கிராமம். திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போகணுமாம். பேர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

தம்பியின் ப்ராஜெக்ட் பிறந்த கதையைக் கேளுங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்ததே, நினைவிருக்கா? பக்கத்து மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. தம்பி வீட்டில் கரண்ட் இல்லை, செல்போனில் டவர் இல்லை. மேல்மலையனூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ள ஒன்றரை நாள் ஆனதாம். அப்போது அம்மா கேட்டாராம்: "இன்ஜினீயரிங் படிக்கிற, கரண்டு இல்லாம, டவர் இல்லாம சேதி வாங்க ஒண்ணும் இல்லையாடா?"

இருக்கு. ஹாம் ரேடியோ. 2004 டிசம்பர் 26, சுனாமி அந்தமானைப் புரட்டிப் போட்ட காலையில், போர்ட் பிளேரில் தற்செயலாகத் தங்கியிருந்த ஹாம் ரேடியோக்காரர் பாரதி பிரசாத். உலக ஹாம்களோடு பேச என்று போனவர், அப்படியே உட்கார்ந்து தீவிலிருந்து வெளியே சேதி அனுப்பிக்கொண்டிருந்தார். தம்பி அந்தக் கதையைப் படித்தார், ப்ராஜெக்ட் தலைப்பைப் பிடித்தார்: 'இன்டர்நெட் இல்லாமல் இயங்கும் டிஜிட்டல் ரேடியோ ரிசீவர்.' கைடுக்கும் பிடித்துவிட்டது.

கவனிங்க மக்களே, ரிசீவர் மட்டும்தான். காற்றில் அனுப்ப வேண்டும் என்றால் பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கியாக வேண்டும். தம்பி அந்தப் பரீட்சைக்கும் படித்துக்கொண்டிருக்கிறார்.

சரி, சாமான் என்ன? லேப்டாப்பில் செருகும் எஸ்.டி.ஆர். டாங்கிள் ஒன்று. (சாதா டாங்கிள் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. இது ஷார்ட்வேவ் வரை இறங்கும் ரகம். வாங்கப் போகிறவர்கள் பார்த்து வாங்குங்க.) கொல்லையில் இரண்டு தென்னைமரங்களுக்கு நடுவே கட்டிய காப்பர் கம்பி ஆன்டெனா. லேப்டாப்புக்குள் எஸ்.டி.ஆர். சாஃப்ட்வேர். அது தரும் சத்தத்தை 'விர்ச்சுவல் கேபிள்' என்ற கண்ணுக்குத் தெரியாத ஒயர் வழியாக டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேர் வாங்கி, எழுத்தாக மாற்றும். இந்த மாற்றும் வேலைக்குப் பேர்தான் டீகோட்.

அந்த சாஃப்ட்வேருக்குப் பின்னால் ஒரு பெரிய கை இருக்கிறது. ஜோ டெய்லர். 1974-ல் ரஸ்ஸல் ஹல்ஸோடு சேர்ந்து இரட்டை நட்சத்திரப் பல்சார் ஒன்றைக் கண்டுபிடித்து, 1993-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். நொடிக்கு சுமார் 17 தடவை துடிக்கும் அந்த நட்சத்திரத்தின் முனகலை இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்து எடுத்தவருக்கு ஹாம் ரேடியோவும் ஹாபி. 2017-ல் அவரும் ஸ்டீவ் ஃபிராங்க் என்பவரும் சேர்ந்து விட்டதுதான் எஃப்டி-8. காதுக்கு 'ஊஊ' என்று ஊளை மாதிரி கேட்கும். அதற்குள் எட்டு சுருதிகள் மாறி மாறி வந்து ஒரு குட்டிச் செய்தியைச் சுமக்கும். காதுக்கே எட்டாத அளவுக்கு இரைச்சலில் மூழ்கிய சிக்னலைக்கூடத் தோண்டி எடுத்துவிடும்.

அந்த எஃப்டி-8 தம்பி வீட்டில் மட்டும் மக்கர்.

"அண்ணா, ஹாஸ்டல்ல சூப்பரா வேலை செஞ்சுது. ஸ்டடி லீவுக்கு ஊருக்கு எடுத்துட்டு வந்தேன். முதல் மூணு நாளு நல்லா வந்துச்சு. அப்புறம் குறைஞ்சிட்டே வந்துச்சு. இப்ப ஒரு வரிகூட இல்ல. ஆனா வாட்டர்ஃபால்ல சிக்னல் கோடு கோடா தெரியுதுண்ணா!"

வாட்டர்ஃபால் என்பது அந்த சாஃப்ட்வேரின் நீலத் திரை. காற்றில் இருக்கும் ஒவ்வொரு சிக்னலும் அதில் மஞ்சள் கோடாக வழியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

தம்பி சும்மா இருக்கவில்லை. மழையில் ஆன்டெனா நனைந்திருக்கும் என்று கம்பியை அவிழ்த்து மறுபடி கட்டியிருக்கிறார். சாஃப்ட்வேரை மூன்று தடவை அழித்து இன்ஸ்டால் செய்திருக்கிறார். (நம்ம ஆளுங்களுக்கு எது கெட்டாலும் இதுதானே முதல் வைத்தியம்!) கடைசியில் பழி, ஊர்ப்பக்கத்துக் கல்குவாரி மேல். "கிரஷர் மோட்டார் நாய்ஸ்தான்ணா. எங்க ஊர்ல இதெல்லாம் ஒத்துவராது போல."

'எங்க ஊர்ல ஒத்துவராது' என்ற வரிதான் எனக்குச் சுருக்கென்றது. போன் போட்டேன்.

"தம்பி, டீகோடரோட ஓரத்துல பச்சையா ஒரு மீட்டர் இருக்கா? எவ்ளோ காட்டுது?"

"35 கிட்ட இருக்குண்ணா."

அப்போ சத்தம் உள்ளே வருகிறது. வெறும் இரைச்சலை மட்டும் கேட்கும்போது அந்த மீட்டர் 30 டெசிபல் வாக்கில் நின்றால் சரி. பூஜ்யம் என்றால் ஒயர் எங்கேயோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். நிஜ ஒயராகவும் இருக்கலாம், விர்ச்சுவல் ஒயராகவும் இருக்கலாம். இல்லாவிட்டால் புது விண்டோஸில் 'மைக்ரோஃபோனை இந்த சாஃப்ட்வேர் தொடலாமா' என்ற பிரைவசி பட்டன் ஆஃபில் கிடக்கும். மீட்டர் உச்சிக்கு ஏறிச் சிவப்பானால் உல்டா கேஸ்: சத்தம் கூடிப்போய் சிக்னல்கள் நசுங்கிவிடும். கச்சேரியில் ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி. பாட்டு கேட்கும், வரி புரியாது.

"மைக் செட்டிங்ல நாய்ஸ் சப்ரஷன், என்ஹான்ஸ்மென்ட்னு ஏதாவது டிக் ஆகியிருக்கா?"

"எல்லாம் எடுத்துட்டேன்ணா."

கில்லாடி! நிறைய பேர் விழும் குழி இது. லேப்டாப் நம் குரலைத் தெளிவாக்க என்று இரைச்சலை வெட்டும். எஃப்டி-8 சிக்னலும் அதுக்கு இரைச்சல்தான், சேர்த்து வெட்டிவிடும். மனுஷக் காதுக்கு நல்லது செய்யும் வசதி எல்லாம் டீகோடருக்கு எதிரி. ரேடியோவில் இருக்கும் நாய்ஸ் ரிடக்ஷன், குறுகிய ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கரடுமுரடான சத்தத்தை அப்படியே கொடுங்க. தோண்டுகிற வேலையை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்.

"சரி, எந்த ஃப்ரீக்வென்சி? எந்த சைட்பேண்ட்?"

"14.074 மெகாஹெர்ட்ஸ். அப்பர் சைட்பேண்ட்."

அதுவும் சரி. லோயரில் வைத்தால் ஒலி தலைகீழாகிவிடும், ஏறும் சுருதி இறங்கும். வாட்டர்ஃபாலில் கோடு அதே மாதிரி அழகாகத் தெரியும், எழுத்து வரவே வராது. பழைய டெலிடைப் மோடிலும் இதே கூத்துதான். பி.எஸ்.கே-31 மட்டும் சாதா வடிவில் இந்த விஷயத்தில் அப்பாவி, எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்டுக்காது.

கிரஷர் சமாச்சாரத்தையும் விடவில்லை. "ஞாயித்துக்கிழமை கிரஷர் ஓடலல்ல? அப்ப வந்துச்சா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "...இல்லண்ணா." ஆக, குவாரி நிரபராதி. உண்மையில் ஷார்ட்வேவில் நம்மைப் படுத்துவது தூரத்து மோட்டாரைவிட வீட்டுக்குள் இருக்கும் சில்லறைச் சாமான்கள்தான். மட்டமான எல்.ஈ.டி. பல்பு, இன்வெர்ட்டர், நம்ம லேப்டாப்பின் சார்ஜரே! மெயினை இறக்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்க, திரை சட்டென்று தெளிந்தால் திருடன் வீட்டுக்குள்தான். ஊருக்கே கரண்ட் போன ராத்திரியில் ரேடியோ எவ்வளவு நிசப்தமாக இருக்கும் தெரியுமா? புயல் நேரத்தில் இயற்கை கொடுக்கும் ஒரே சலுகை அது.

இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைத் தம்பி தன் மெயிலிலேயே எழுதியிருந்தார், அவருக்கே தெரியாமல்: 'முதல் மூணு நாள் நல்லா வந்துச்சு. அப்புறம் குறைஞ்சிட்டே வந்துச்சு.' ஒயர் அறுந்தால் ஒரே நொடியில் நிற்கும். செட்டிங் மாறினாலும் அப்படித்தான். நாய்ஸ் என்றால் வரும், போகும். நாளுக்கு நாள் ஒழுங்காகத் தேய்வது எது?

"தம்பி, லேப்டாப்ல டைம் சரியா இருக்கா?"

"கரெக்டா இருக்குண்ணா. 6:42."

"செகண்டு?"

"செகண்டா...?"

அங்கேதான் மக்களே மேட்டர்! எஃப்டி-8 உலகத்தில் யாரும் நினைத்த நேரத்தில் பேச முடியாது. ஒவ்வொரு நிமிடமும் 0, 15, 30, 45 என்று நான்கு துண்டு. துண்டு ஆரம்பித்த அரை நொடியில் எல்லோரும் அனுப்பத் தொடங்கி, 12.64 நொடியில் முடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மிச்சம் இருக்கும் இரண்டு சொச்சம் நொடி, கேட்டதை டீகோட் செய்ய. ஹாஸ்டல் மெஸ் மாதிரி. மணி அடித்ததும் பந்தி ஆரம்பம், லேட்டாகப் போனால் இலை எடுத்துவிடுவார்கள். உங்கள் கடிகாரம் ஒரு நொடி தள்ளியிருந்தால் சாஃப்ட்வேர் சமாளிக்கும். இரண்டரை நொடியைத் தாண்டினால் அவ்வளவுதான். சிக்னல் எவ்வளவு பலமாக வந்தாலும் ஒரு வரி வராது. எர்ரர் மெசேஜும் வராது. அதுதான் கொடுமை.

(ஒரு ஆறுதல்: நம்ம நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. டைம் ஸோனைத் தப்பாக வைத்தாலும் டீகோட் ஆகும், ஏன்னா ஐந்தரை மணி என்பதும் பதினைந்து நொடிகளின் பெருக்கல்தான். லாக்கில் நேரம் மட்டும் கோணலாக விழும்.)

"லாக் ஃபைலைத் திற தம்பி. டீகோட் ஆன ஒவ்வொரு வரிக்கும் டி.டி.ன்னு ஒரு நம்பர் இருக்கும், படி." சிக்னல் நம் கடிகாரப்படி எத்தனை நொடி தள்ளி வந்தது என்பதுதான் அந்த டி.டி. தம்பி படித்தார். முதல் நாள் 0.3 வாக்கில். அடுத்த நாள் 0.8. அப்புறம் 1.3. நாலாம் நாள் 1.9, வரிகளும் கொஞ்சம்தான். ஐந்தாம் நாள் 2.3 என்று இரண்டே வரி. அதோடு லாக் காலி.

ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும் டி.டி. எகிறினால் அது அந்த ஆளின் கடிகாரம். உலகம் பூராவும் ஒரே மாதிரி தள்ளி வந்தால்? தப்பு உலகத்தின் மேல் இல்லை பாஸ்! நம்பர் பிளஸ்ஸில் இருந்ததால் லேப்டாப் கடிகாரம் வேகமாக ஓடுகிறது, நாளுக்கு அரை நொடி. இது ஒன்றும் வியாதி இல்லை. கம்ப்யூட்டர் கடிகாரம் எல்லாமே கொஞ்சம் அப்படி இப்படி ஓடத்தான் செய்யும். நெட் இருந்தால் விண்டோஸ் அவ்வப்போது நமக்குத் தெரியாமல் திருத்திக்கொள்ளும்.

ஹாஸ்டலில் வைஃபை இருந்தது, திருத்தியது. வானூரில் தம்பி, 'நெட் இல்லாத ரிசீவர்' ஆச்சே என்று, வைராக்கியமாக ஹாட்ஸ்பாட் கூடப் போடவில்லை.

போனில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நெட் இல்லாமல் இயங்கும் ரிசீவர் என்று பேர் வைத்த ப்ராஜெக்ட், கடிகாரத்துக்காக நெட்டையே நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. புயல் அடித்து டவர் சாய்ந்தால் முதல் இரண்டு மூன்று நாள் ஓடும். நாலாம் நாள், ஐந்தாம் நாள், அதாவது வெளியிலிருந்து சேதி எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், சத்தம் போடாமல் செத்துப்போகும். திரையில் மட்டும் கோடு அழகாக ஓடிக்கொண்டிருக்கும்.

"ப்ராஜெக்ட் காலியாண்ணா?" என்றார் தம்பி.

காலியெல்லாம் இல்லை. "ஸ்பீக்கரை வச்சு, நெட் போடாம, காதாலயே டைமை சரி பண்ணு பார்க்கலாம்" என்றேன். கூட்டமான நேரத்தில் எஃப்டி-8 அலைவரிசையைக் கேட்டால், எல்லோரும் ஒன்றாக ஊளையிடுவார்கள், ஒன்றாக நிறுத்துவார்கள். இரண்டு நொடி சொச்சம் அமைதி, மறுபடி ஊளை. அந்த ஊளை மறுபடி தொடங்கும் கணம்தான் 0, 15, 30 அல்லது 45-க்கு அரை நொடி பிந்தின கணம். வாட்டர்ஃபாலில் கண்ணாலும் பார்க்கலாம். பதினைந்து நொடிக்கு ஒரு பச்சைக் கோடு விழும். அது சிக்னல்களுக்கு நடுவே இருக்கும் இருட்டு இடைவெளிக்குள் விழ வேண்டும். தம்பி வீட்டில் சிக்னல்களின் இடுப்பிலேயே வெட்டிக்கொண்டு போனது. எட்டு நாளாக அவர் கண் முன்னால்!

லேப்டாப் கடிகாரத்தை நாலு நொடி பின்னால் தள்ளினார். அடுத்த பச்சைக் கோடு. அதற்கடுத்தது.

"அண்ணா! அண்ணா!"

ஒய்.பி. என்று ஆரம்பிக்கும் ஒரு அழைப்புக்குறி. இந்தோனேசியா. கீழே ஜப்பான், ரஷ்யா என்று வரிசையாக. டி.டி. 0.4. அம்மாவைக் கூப்பிட்ட சத்தம் எனக்குப் போனில் கேட்டது.

இது அவசரத்துக்குச் சரி. ப்ராஜெக்ட்டுக்கு நிரந்தர வழி வேண்டுமே? ஒரு ஜி.பி.எஸ். மாட்யூல் வாங்கி யூ.எஸ்.பி.யில் செருகச் சொன்னேன். சில நூறு ரூபாய் சமாச்சாரம். வானத்தில் இருக்கும் சாட்டிலைட்டுக்கு நம்ம ஊர் டவர் சாய்ந்தது தெரியாது, நேரம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு பத்தில் ஒரு பங்கு நொடி, இரண்டு பங்கு நொடி பிசகினாலும் எஃப்டி-8-க்குக் கவலை இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: புதுசாகப் பவர் கொடுத்த மாட்யூல் சொல்லும் நேரத்தை உடனே நம்பாதீங்க. ஜி.பி.எஸ். நேரமும் உலக நேரமும் ஒன்றில்லை. 2017 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் 18 நொடி வித்தியாசம். அந்தக் கணக்கு சாட்டிலைட்டிலிருந்து இறங்க அதிகபட்சம் பன்னிரண்டரை நிமிடம் ஆகலாம். அதுவரை பழைய மாட்யூல் தன் ஞாபகத்தில் இருக்கும் பழைய கணக்கையே சொல்லும், இரண்டு மூன்று நொடி தப்பாக. நமக்கு அதுவே எமன். மொட்டை மாடியில் வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாங்க.

இன்னொன்றும் சொன்னேன், தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். புயல் நேரத்தில் அக்கா வீட்டுச் சேதி வாங்க எஃப்டி-8 ஆகாது. அதில் சொந்தமாக எழுத 13 எழுத்துதான் இடம். 'நான் இங்கே இருக்கேன், நீ கேட்கிறது' என்பதற்கு மேல் அதனால் பெரிதாகப் பேச முடியாது. அலை எந்த ஊர் வரை எட்டுகிறது என்று பார்க்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. ஆனால் 'எல்லோரும் பத்திரம், கூரை மட்டும் போச்சு, அரிசி வேணும்' என்று எழுத பழைய பி.எஸ்.கே-31 இருக்கிறது. டைப் அடிப்பது அப்படியே போகும். முக்கியமாக, அதுக்குக் கடிகாரமே தேவையில்லை. எஃப்டி-8 மாதிரி முனகலை எல்லாம் தோண்டாது, சிக்னல் ஓரளவு பலமாக வேண்டும். ஆனால் ஜி.பி.எஸ். மாட்யூல் தண்ணியில் போனால்கூட அது ஓடும். எஃப்எல்டிஜி என்று இலவச சாஃப்ட்வேர். இரண்டையும் போட்டு வை என்றேன்.

உங்களில் டாங்கிள் வாங்கக் காசில்லாதவர்களுக்கும் வழி இருக்கு. நெதர்லாந்தில் ட்வென்டே யுனிவர்சிட்டியின் வெப்.எஸ்.டி.ஆர். மாதிரி, நெட்டில் யார் வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கும் ரிசீவர்கள் இருக்கின்றன. அந்தச் சத்தத்தை விர்ச்சுவல் கேபிள் வழியாக டீகோடருக்குக் கொடுக்கலாம். அங்கேயும் டி.டி. ஒரு நொடி, இரண்டு நொடி தள்ளிக் காட்டும். பதறாதீங்க, இந்தத் தடவை கடிகாரம் இல்லை, சத்தம் கடல் தாண்டி வர எடுக்கும் நேரம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி தம்பியிடமிருந்து மெயில். ரிவ்யூவில் லேப்டாப்பின் வைஃபையை எல்லோர் முன்னாலும் அணைத்திருக்கிறார். கடிகாரத்தை வேண்டுமென்றே ஐந்து நொடி தள்ளி வைத்து, டீகோட் நிற்பதைக் காட்டியிருக்கிறார். அப்புறம் ஜி.பி.எஸ். செருகி, திரும்ப வருவதையும். கைடு கேட்டாராம்: "லொகேஷன்ல எம்.கே.92-ன்னு போட்டிருக்கியே, அது என்ன?" உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஹாம்கள் வைத்திருக்கும் விலாசம் அது. திண்டிவனமும் வானூரும் எம்.கே.92. கொஞ்சம் தெற்கே போனால் புதுச்சேரியும் விழுப்புரமும் எம்.கே.91. பன்னிரண்டாவது அட்சக்கோடு நடுவே ஓடுகிறது.

"எங்க ஊர் சார்" என்றாராம் தம்பி.